பழைய பட்டறைப் பெட்டியில் இருப்பது என்ன? – கேள்வி பதில்

மார்த்தாண்டம் பக்கம் முப்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். வாங்கிய பட்டறையோடு வந்த பெயர் தெரியாத சாமான்களைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று மட்டும்: துருவை எடுக்கிறேன் என்று கிரைண்டரில் பிடிக்காதீர்கள். எழுத்து போனால் துப்பும் போச்சு.

குழித்துறையிலிருந்து: அண்ணாச்சி, ஒரு ஸ்பேனரில் '1/4 டபிள்யூ' என்று இருக்கிறது. வாயோ அரை அங்குலத்துக்கு மேல். எழுத்து தப்பா?

தப்பில்லை. டபிள்யூ என்றால் விட்வொர்த். எழுதியிருப்பது வாயின் அளவு அல்ல, போல்ட் தண்டின் விட்டம். கால் அங்குல போல்ட்டின் தலை 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மி.மீ. அதனால்தான் 13 ஸ்பேனர் ஏறாது, 14 போட்டால் வழுக்கி மூலையை உருட்டிவிடும். ஜோசப் விட்வொர்த் இந்தத் திருகு அளவை 1841-இல் முன்வைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய மெஷின்களில் இதைத்தான் பார்க்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-இல்தான் மெட்ரிக் அளவுக்கான சட்டமும் வந்தது. ஸ்பேனர் செட்டைப் பிரிக்காதீர்கள். விட்வொர்த் போல்ட்டையும் வேறு அளவுத் திருகுகளோடு கலக்காதீர்கள், அவை வேறு வேறு.

பாறசாலையிலிருந்து: தட்டார் ஒருவரின் வீட்டை வாங்கினோம். வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் ஓட்டைகளோடு ஒரு கெட்டியான எஃகுத் தகடு கிடைத்தது.

கம்பி இழுக்கிற தகடு. கம்பியின் நுனியை அரத்தால் கூராக்கி, மெழுகு தடவி, ஓட்டையின் அகலமான பக்கம் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் இழுப்பார்கள். பிறகு அடுத்த சிறிய ஓட்டை. இழுக்க இழுக்க கம்பி விறைக்கும், நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். ஓட்டைக்குள் ஆணியை அடித்துச் சுத்தம் பண்ணிவிடாதீர்கள்.

குலசேகரத்திலிருந்து: நுனி மடங்கிய சின்னக் கத்தி. எந்த மெஷினுக்கு?

மெஷினுக்கு இல்லை தம்பி. ரப்பர் பால் வெட்டுகிற கத்தி. உங்கள் ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே!

களியக்காவிளையிலிருந்து: ஆசிட்டில் ஊறப்போட்டால் துரு போகுமா?

போகும், எழுத்தும் சேர்ந்து. மண்ணெண்ணெயும் துணியும் போதும்.

நாகர்கோவிலிலிருந்து: நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். கால் அங்குலத்தில் விட்வொர்த்துக்கும் யு.என்.சி. என்கிற அமெரிக்கத் திருகு அளவுக்கும் அங்குலத்துக்கு 20 மரை (திருகின் சுற்றுவரி)தான். வேறு வேறு என்று பயமுறுத்துவது எதற்கு?

20 சரி. மரையின் கோணம்? விட்வொர்த் 55 டிகிரி, யு.என்.சி. 60. கையால் திருகினால் ஏறும், ஆனால் மரைகள் முழுசாக ஒட்டாது. அரை அங்குலத்துக்கு வாருங்கள்: விட்வொர்த்தில் 12 மரை, யு.என்.சி.யில் 13. சில சுற்றிலேயே சிக்கும்.

மறுபடியும் அவரே: வருடக்கணக்காக மாற்றிப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

மூடிக்குப் போட்டிருப்பீர்கள். சுழலுகிற சாமானுக்குப் போடாதீர்கள். மரை கேஜை, அதாவது மரையை ஒப்பிட்டுப் பார்க்கும் பல் வெட்டிய தகடை, போல்ட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். 60 டிகிரித் தகடு 55-இல் உட்காராது, கீற்று வெளிச்சம் தெரியும். அதைப் பார்த்த பிறகும் வாதமென்றால் நேரில் வாருங்கள், டீ என் செலவு.

அருமனையிலிருந்து: பெட்டியில் பழைய கிரைண்டிங் கல்லும் இருக்கிறது. மாட்டலாமா?

தூக்கிப் பிடித்து மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் யோசிக்கலாம், மந்தமாகக் கேட்டால் விரிசல். எப்படிக் காத்தார்கள் என்று தெரியாத கல்லை நானாக இருந்தால் மாட்டவே மாட்டேன்.

இன்னொருவர்: துருவை கிரைண்டரில் எடுக்கலாமா?

முதல் பத்தியைப் படியுங்கள்.