டாப் லோட் சலவை இயந்திரம்: வீட்டில் பழுது பார்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

டாப் லோட் சலவை இயந்திரத்தைத் தாங்களே திறந்து பார்க்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பழுதைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கி, தண்ணீர்க் குழாயையும் மூடிய பிறகுதான் எந்த மூடியின் திருகையும் கழற்ற வேண்டும். திறந்து கிடக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்துச் செய்யும் சோதனை எதையும் நான் பரிந்துரைக்கவில்லை. பெரும்பாலான பழுதுகளை, இயந்திரம் மூடியிருக்கும்போது கவனித்துப் பார்த்தும், பிளக்கைப் பிடுங்கிய பிறகு மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியால் அளந்தும் கண்டுபிடித்துவிட முடியும்.

கேள்வி: தொட்டியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருக்கிறது, நிற்பதே இல்லை. எலெக்ட்ரானிக் போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு காரணம் இருக்குமா?

போர்டைச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். இன்லெட் வால்வு என்பது மின்சாரம் வந்தால் திறந்து, மின்சாரம் நின்றால் தானாக மூடிக்கொள்ளும் அமைப்பு. எனவே பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தண்ணீர் விழுந்தால், போர்டுக்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பே இல்லை. வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வில் மணலோ துருவோ சிக்கியிருக்கிறது, அல்லது சவ்வு கிழிந்திருக்கிறது. வால்வை மட்டும் மாற்றினால் போதும்.

பிளக்கைப் பிடுங்கியதும் தண்ணீர் நின்றுவிட்டால், வால்வு நன்றாக இருக்கிறது. பெரும்பாலும் தொட்டி நிரம்பிவிட்ட செய்திதான் இயந்திரத்துக்குப் போய்ச் சேரவில்லை. வெளித்தொட்டியின் அடிப்பக்கத்தில் காற்று அடைபடும் சிறு அறை ஒன்று உண்டு. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே இருக்கும் பிரஷர் சுவிட்சுக்குச் செல்கிறது. தண்ணீர் உயர உயரக் குழாயில் இருக்கும் காற்று அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தைக் கொண்டுதான் நீர்மட்டம் அறியப்படுகிறது. குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், முனை தளர்ந்திருந்தாலும், அடி அறையில் நூலும் சோப்புக் கசடும் அடைத்திருந்தாலும் அழுத்தம் உருவாகாது. மேல்முனையைக் கழற்றிச் சுவிட்சின் வாயில் மிக மென்மையாக ஊதினால், பழைய வகைச் சுவிட்சாக இருந்தால் 'டிக்' என்ற ஓசை கேட்கும். புதிய எலெக்ட்ரானிக் சென்சாரில் ஓசை வராது என்பதால், ஓசை இல்லை என்பதற்காக அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். குழாயை முழுவதும் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் ஊதி, தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தால் கசிவு குமிழிகளாக வெளிப்படும்.

மூன்றாவது காரணம் பலருக்கும் தோன்றுவதில்லை. நிரம்பும்போதே தண்ணீர் கழிவு ஹோஸ் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கலாம். நிரம்பும் நேரத்தில் ஹோஸின் முனையைப் பாருங்கள். பம்ப் மூலம் தண்ணீரை வெளியேற்றும் இயந்திரத்தில் ஹோஸ் தரையில் கிடந்தால், தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியேறும். அந்த ஹோஸைக் கையேட்டில் சொன்ன உயரத்துக்குத் தூக்கிக் கட்ட வேண்டும். பம்ப் இல்லாமல், வால்வு திறந்து தண்ணீர் வடியும் இயந்திரத்தில் இதற்கு நேர்மாறாக ஹோஸ் தாழ்வாகவே இருக்க வேண்டும். அதில் நீர் கசிந்தால் வால்வின் வாயில் பட்டனோ நாணயமோ மாட்டியிருக்கும்.

கேள்வி: துணி துவைக்கத் தொடங்கும்போது 'உம்ம்' என்ற ஓசை மட்டும் வருகிறது, உள்ளே எதுவும் சுழலவில்லை. மோட்டார் எரிந்துவிட்டதா?

எரிந்திருக்க வாய்ப்பு குறைவு. எரிந்த மோட்டார் பெரும்பாலும் கருகல் வாசனையால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் உள்ளே அடியில் இருக்கும், துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டரைக் கையால் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அது இறுகிக் கிடந்தால், அதன் அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. நடுவில் இருக்கும் ஒரே திருகைக் கழற்றிவிட்டு, எதிரெதிர் ஓரங்களில் கயிறு மாட்டி நேராக மேலே இழுத்தால் பல்சேட்டர் வெளியே வந்துவிடும். திருப்புளியால் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும்.

பல்சேட்டர் தாராளமாகத் திரும்பினால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பான கபாசிட்டரைப் பாருங்கள். பெல்ட் கொண்டு இயங்கும் வழக்கமான இயந்திரங்களில் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்குவதற்கும், எந்தத் திசையில் சுழல வேண்டும் என்பதற்கும் கபாசிட்டர் தேவை. அது வலுவிழந்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், அல்லது காலித் தொட்டியைச் சுழற்றும், துணி போட்டால் நின்றுவிடும். கபாசிட்டரின் உடல் வீங்கியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ அளக்கவே தேவையில்லை, மாற்றிவிடலாம். அளப்பதாக இருந்தால் முதலில் அதில் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். காப்பிடப்பட்ட கம்பிகளுடன் சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை அதன் இரு முனைகளுக்கும் இடையே சில விநாடிகள் பிடித்தால் போதும். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கச் செய்யும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கபாசிட்டரும் கெடும், கையும் சுடும்.

கபாசிட்டரின் மேல் மைக்ரோஃபாரட் அளவும், கூடவே 5 விழுக்காடு என்பது போன்ற ஏற்கத்தக்க வேறுபாடும் அச்சிடப்பட்டிருக்கும். 12 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது 9 காட்டினால் அது கெட்டுவிட்டது. புதியதை வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதே அளவாக இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதேயாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. இரட்டைத் தொட்டி இயந்திரங்களில் துவைக்கும் மோட்டாருக்கும் பிழியும் மோட்டாருக்குமான இரண்டு கபாசிட்டர்கள் ஒரே உறைக்குள் இருப்பதுண்டு. கம்பிகளைக் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கபாசிட்டரும் சரியாக இருந்தால் மோட்டாரின் மின்தடையை அளக்கலாம். இரு திசையிலும் ஒரே வலிமையோடு சுழல வேண்டியிருப்பதால், இந்த மோட்டாரின் இரண்டு சுருள்களும் ஒரே மாதிரி அமைந்தவை. பொதுக் கம்பிக்கும் மற்ற ஒவ்வொரு கம்பிக்கும் இடையே ஏறத்தாழ ஒரே அளவு வர வேண்டும். ஒன்று மிகவும் வேறுபட்டால் சுருள் கெட்டிருக்கிறது. எந்தக் கம்பிக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது.

கேள்வி: மோட்டார் ஓடும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. ஆனாலும் பல்சேட்டர் அசையவில்லை.

அப்படியானால் மின்சாரப் பகுதியைத் தொடவே வேண்டாம். பெல்ட் அறுந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். இல்லையென்றால் பல்சேட்டரின் நடுத்துளையில் உள்ள பற்கள் தேய்ந்து வழுக்கும். பெல்ட்டின் நடுவை விரலால் அழுத்தினால் சிறிதளவே உள்ளே போக வேண்டும். மிகவும் இறுக்கிவிட்டால் பேரிங்குக்குக் கேடு.

கேள்வி: துவைப்பதெல்லாம் சரியாக நடக்கிறது, பிழிவதற்கு மட்டும் தொட்டி சுழல மறுக்கிறது.

பிழிதல் தொடங்குவதற்கு முன் இயந்திரம் பல உறுதிகளைக் கேட்கிறது: தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டதா, மூடி மூடியிருக்கிறதா, தொட்டி சமநிலையில் இருக்கிறதா. இவற்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் சுழலாது. ஆகவே முதலில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். வடிகால் பாதி அடைபட்ட இயந்திரத்தைப் 'பிழியாத இயந்திரம்' என்று பழுது பார்க்கக் கொண்டுவருவது மிகவும் சாதாரணம். அடுத்து மூடி சுவிட்சின் இரு கம்பிகளையும் கழற்றி, மூடியைத் திறந்தும் மூடியும் மல்டிமீட்டரால் மின் தொடர்ச்சியை அளந்தால் அது வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். அந்தச் சுவிட்சின் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டு ஓட்டுவது பலர் சொல்லும் குறுக்குவழி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிழியும்போது தொட்டி நிமிடத்துக்கு 700 சுற்று அளவில் சுழல்கிறது. உள்ளே கைவிடும் குழந்தைக்கும் அந்த வேகத்துக்கும் இடையே இருப்பது அந்தச் சுவிட்ச் மட்டுமே.

இரண்டும் சரியென்றால் அடியில் இருக்கும் டிரெயின் மோட்டாரைக் கவனியுங்கள். பம்ப் இல்லாத இயந்திரங்களில் இந்தச் சிறு மோட்டார் ஒரே இழுப்பில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: வடிகால் வால்வைத் திறக்கிறது, அதோடு கிளட்ச்சின் நெம்புகோலை நகர்த்தி, பிரேக்கை விடுவித்து, தொட்டியைச் சுழல்தண்டோடு இணைக்கிறது. நெம்புகோல் போதிய தூரம் நகராவிட்டால் தண்ணீர் வடியும், தொட்டி சுழலாது. பிளக்கைப் பிடுங்கிய நிலையில் நெம்புகோலைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு தொட்டியைத் திருப்பிப் பார்த்தால், பிரேக் விடுபடுகிறதா என்பது தெரியும். கையால் இழுத்தால் விடுபட்டு, ஓட்டத்தில் விடுபடவில்லை என்றால் குறை டிரெயின் மோட்டாரிலோ, அதற்கும் நெம்புகோலுக்கும் இடையே உள்ள இடைவெளியிலோ இருக்கிறது. துவைக்கும்போதே பல்சேட்டருடன் தொட்டி முழுவதும் சேர்ந்து சுற்றுகிறது என்று கேட்டிருந்தவருக்கும் இதே பகுதிதான் பதில்: அங்கே நெம்புகோல் முழுவதும் திரும்பி வரவில்லை, அல்லது பிரேக் பட்டை தேய்ந்துவிட்டது.

கேள்வி: பிழியும்போது தொட்டி பக்கச் சுவரில் மோதுகிறது. துணியைச் சமமாகப் பரப்பினாலும் பயனில்லை.

இயந்திரத்தின் நான்கு கால்களும் தரையில் படிந்திருக்கின்றனவா என்பதை, எதிரெதிர் மூலைகளை அழுத்தி முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு காலித் தொட்டியைக் கீழே அழுத்தி விட்டுவிடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. பலமுறை ஆடினால் சஸ்பென்ஷன் ராடுகளின் தடுக்கும் ஆற்றல் போய்விட்டது. தொட்டி நான்கு மூலைகளிலிருந்து இந்த ராடுகளில்தான் தொங்குகிறது. ஒன்று மட்டும் பழுதானாலும் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். முன்புற ராடுகளும் பின்புற ராடுகளும் வெவ்வேறு வலிமை கொண்டவையாக இருக்கும் மாடல்கள் உண்டு என்பதால், எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ராடுகளும் நன்றாக இருந்தால், தொட்டியின் மேல்விளிம்பில் இருக்கும் சமநிலை வளையத்தைப் பாருங்கள். அதன் உள்ளே உப்புக் கரைசல் இருக்கும். வளையத்தில் விரிசல் விழுந்து கரைசல் கசிந்துவிட்டால் தொட்டி எப்படிப் போட்டாலும் ஆடும்.

கேள்வி: வேகம் கூடக் கூட உறுமல் ஓசையும் கூடுகிறது. அடியில் துரு நிறக் கறையும் தெரிகிறது.

தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்து, பேரிங்குக்குள் ஈரம் போய்விட்டது. வெளியிலிருந்து கிரீஸ் தடவுவதால் பயனில்லை. தொட்டியை வெளியே எடுக்க வேண்டும். பல இயந்திரங்களில் கிளட்ச் தொகுதியையே முழுதாக மாற்றிவிடுகிறார்கள். தொட்டியைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு சில மாடல்களில் இடப்புறமாகத் திருகப்பட்டிருக்கும். அதன் திசையை அறியாமல் சுத்தியலால் அடித்தால் சுழல்தண்டே பாழாகும். உரிய சாவியும் உதவிக்கு ஆளும் இல்லாதவர்கள் இதைத் தேர்ந்த கைகளிடம் விட்டுவிடலாம்.

கேள்வி: இயந்திரத்தின் உடலைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. கீழே ரப்பர் விரிப்பு போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. இன்றைக்கே அதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ஈரக் கையோடு ஈரத் தரையில் நின்று தொடுகிற கருவி இது. பல இயந்திரங்களில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கபாசிட்டர்கள் மின்கம்பிக்கும் உடலுக்கும் இடையே இருக்கின்றன; எர்த் இணைப்பு சரியாக இருந்தால் அந்த மிகச் சிறு கசிவு தரைக்குப் போய்விடும், எர்த் இல்லாதபோது அதுவே உங்கள் கையில் சுரீர் என்கிறது. ஆனால் அதே உணர்வு, எலி கடித்து வெறுமையான கம்பி உடலில் படுவதாலோ, மோட்டார் சுருளின் காப்பு கெட்டதாலோ வந்திருக்கலாம். தொட்டுப் பார்த்து எதுவென்று பிரித்தறிய முடியாது. பிளக்கைப் பிடுங்கி, அதன் எர்த் முள்ளுக்கும் இயந்திரத்தின் வர்ணம் பூசாத உலோகப் பகுதிக்கும் இடையே அளந்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். அங்கே தொடர்ச்சி இருந்தால் குறை சுவரில் உள்ள எர்த் இணைப்பில் இருக்கலாம். அதைச் சோதிப்பது மின்பணியாளரின் வேலை. அடியில் கம்பிகள் கடிபட்டிருந்தால் அவற்றை மாற்றிவிட்டு, அடிப்பகுதியை எலி நுழையாத வலைத்தகட்டால் மூடுங்கள்.

கேள்வி: தண்ணீர் மிக மெதுவாக நிரம்புகிறது.

வால்வின் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். அதன் பிறகும் மெதுவாக வந்தால் நீரழுத்தத்தைக் கணக்கிடுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். பல இயந்திரங்கள் குறைந்தது 0.3 பார் கேட்கின்றன. அதாவது நீர்த்தொட்டி வால்வைவிட 3 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். மேல்மாடியில் இயந்திரத்தை வைத்திருப்போருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கேள்வி: துவைத்த துணியில் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. கடினநீருக்கான பொடியையும் பிளீச்சையும் சேர்த்துப் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

ஒருபோதும் சேர்க்காதீர்கள். கடினநீர்ப் படிவை நீக்கும் பொடிகள் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டவை; குளோரின் பிளீச்சோடு அமிலம் கலந்தால் நச்சு வாயு வெளியேறும். அந்தத் துகள்கள், உள்தொட்டியின் வெளிப்புறத்தில் படியும் சோப்புக் கசடும் பூஞ்சையும். ஏதேனும் ஒன்றை மட்டும் போட்டு, காலித் தொட்டியில் முழுநீர் நிரப்பி ஓட்டி, நன்றாக அலசிவிடுங்கள். சோப்பின் அளவைக் குறைத்து, துவைத்து முடிந்ததும் மூடியைத் திறந்து வைத்தால் கசடு அவ்வளவு விரைவில் சேராது.

கேள்வி: விளக்குகள் எல்லாம் எரிகின்றன, எந்தப் பட்டனுக்கும் பதில் இல்லை. போர்டை நானே பிரித்துப் பார்க்கலாமா?

முதலில் குழந்தைப் பூட்டு செயல்பாட்டில் இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள். அது இல்லையென்றால் பிளக்கைச் சில நிமிடங்கள் பிடுங்கி வைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டில் செருகியிருக்கும் இணைப்பிகளைக் கழற்றிப் பச்சை படர்ந்திருக்கிறதா, கருகியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல போர்டுகளின் மேல் ஈரம் புகாதபடி பிசின் ஊற்றியிருப்பதால் அவற்றை வீட்டில் பழுது பார்ப்பது நடைமுறையில் இயலாது. மோட்டாரின் வேகத்தைப் போர்டே கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் வகை இயந்திரங்களில் போர்டின் கபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அப்படியே இருக்கும். பிரஷர் சுவிட்ச், மூடி சுவிட்ச், வால்வு, மோட்டார் ஆகியவற்றை அளந்து முடித்து, அவை அனைத்தும் சரி என்று எழுதிக் கொடுத்தால், போர்டைப் பார்க்க வருபவருக்கு வேலை எளிதாகும். தேவையற்ற உதிரிபாகத்தை உங்கள் தலையில் கட்டவும் வழியிருக்காது.