ஒற்றைக் காலோடு பராலிம்பிக்கா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பிறவியிலேயே இடது முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்கால் போட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். இப்போது பராலிம்பிக்கில் நீந்துவேன் என்று ஒரே பிடிவாதம். தகப்பன் தோணிக்காரர், வாவியில் நானே பழக்குகிறேன் என்கிறார். சுனாமியில் என் அக்காவைக் கடல் கொண்டுபோனதிலிருந்து நான் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. நடக்காத ஆசையை வளர்த்துவிடலாமா?
– ஒரு தாய், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, உங்களைப் பயமுறுத்துவது காலா, தண்ணீரா? கால்தான் என்றால் கவலையை விடுங்கள். தென்னாபிரிக்காவின் நட்டாலி டு டொயிட் 2001இல் விபத்தில் இடது காலை இழந்தவர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு காலும் உள்ளவர்களோடு 10 கிலோமீற்றர் நீந்தி 16ஆவதாக வந்தார், அதுவும் பொய்க்கால் இல்லாமல். நீச்சல் போட்டியில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். நம் இலங்கைக்கு டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஈட்டியெறிந்து தங்கம் கொண்டுவந்தார், நீச்சலில் பராலிம்பிக் பதக்கம் இன்னும் இல்லை. ஆகவே வழி லேசில்லை, அதையும் மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒற்றைக் காலால் உதைத்தால் உடம்பு ஒரு பக்கமாக இழுக்கும், இடுப்பு திரும்பும். அதைக் கைவீச்சாலும் வயிற்றுத் தசையாலும் நேராக்கப் பழகுவதற்கே மாதக்கணக்காகும், பிள்ளை அலுத்து அழவும் கூடும். போட்டியில் பாதிப்பின் அளவைப் பார்த்து எஸ்1 முதல் எஸ்10 வரை வகுப்புகளாகப் பிரிப்பார்கள், எண் குறையக் குறைய பாதிப்பு கூட. உங்கள் மகள் போன்றவர்கள் பெரும்பாலும் 9, 10இல் வருவார்கள். மேடையில் நின்று பாய முடியாதவர்கள் தண்ணீருக்குள் இருந்தே தொடங்கலாம்.

தகப்பனின் ஆர்வம் நல்லதுதான், ஆனால் வாவி வேண்டாம். அங்கே முதலை கிடப்பது தோணிக்காரருக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்! பயிற்றுநர் உள்ள நீச்சல் தடாகம்தான் சரி. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். அப்படியே சமூக சேவை உத்தியோகத்தரிடம் பொய்க்கால் விஷயத்தையும் பேசுங்கள், வளரும் பிள்ளைக்கு அதை அடிக்கடி மாற்றவேண்டி வரும்.

முதல் நாள் நீங்களும் போங்கள். நீங்கள் இறங்கத் தேவையில்லை. மகள் பொய்க்காலைக் கழற்றும்போது நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள், அந்த நேரம் பக்கத்தில் இருங்கள், அவசரப்பட்டுத் துவாயால் மூடவேண்டாம். கழற்றிய இடத்தில் தோல் சிவந்தோ புண்ணாகியோ இருந்தால் மட்டும், அவள் எவ்வளவு அடம்பிடித்தாலும், அது ஆறும்வரை தண்ணீரில் விடாதீர்கள்.