ஓராண்டு வேலையா, சொந்த ஃபெல்லோஷிப்பா?

கேள்வி: உயிர்மருத்துவ அறிவியலில் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். இன்னும் ஆறு மாதத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடுவேன். புற்றுநோய்ச் செல்களின் வளர்சிதை மாற்றம் என் தலைப்பு. முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வந்திருக்கிறது. இன்னொன்று மதிப்பாய்வில் இருக்கிறது. பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களாகப் பார்த்து நாற்பது பேராசிரியர்களுக்கு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டே பேர் பதில் போட்டார்கள். ஒருவர், "சொந்தமாக ஃபெல்லோஷிப் (ஆய்வாளர் தன் பெயரில் வாங்கும் உதவித்தொகை) வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்கிறேன்" என்கிறார். இன்னொருவர், "ஓராண்டுக்கு வேலை தருகிறேன், சீக்கிரம் வாருங்கள்" என்கிறார். எதை எடுப்பது?

பதில்: இரண்டில் எதற்கும் இப்போதே 'சரி' சொல்லிவிடாதீர்கள். அந்த ஓராண்டு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரியவேண்டும். போஸ்ட்டாக் வேலையைப் பல்கலைக்கழகம் தருவதாக நினைத்துத்தான் பெரும்பாலோர் பெயர் பார்த்துத் தேடுகிறார்கள். உண்மையில் அதைத் தருவது ஒரு ஆய்வகம். அந்த ஆய்வகத்துக்குக் கிடைத்த ஒரு மானியம். மானியம் தீர்ந்தால், பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியதானாலும் உங்கள் நாற்காலி இருக்காது.

'ஓராண்டு' என்பதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். பல இடங்களில் ஒப்பந்தமே ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வகையில்தான் போடுவார்கள். பணம் மூன்று நான்கு ஆண்டுக்கு இருக்கும். அப்படியானால் கவலையில்லை. மானியத்தில் மிச்சம் இருப்பதே ஓராண்டுதான் என்றால் கதை வேறு. இதை அவரிடம் கேட்பதற்கு முன்பே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்.ஐ.ஹெச்.) தரும் மானியங்கள் 'ரிப்போர்ட்டர்' தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 'கோர்டிஸ்', ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி.க்கு 'கெப்ரிஸ்', பிரிட்டனுக்கு 'கேட்வே டு ரிசர்ச்', ஜப்பானுக்கு 'காக்கென்'. எல்லாமே இலவசம். பேராசிரியரின் பெயரைப் போட்டால் திட்டத்தின் தலைப்பு, சுருக்கம், தொடங்கிய தேதி, முடியும் தேதி எல்லாம் பெரும்பாலும் வரும். என்.ஐ.ஹெச். ஆய்வுத் திட்டங்களுக்குத் தரும் ஆர்01 மானியம் ஒரு முறைக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஐந்தாம் ஆண்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஆர்01ஐ நம்பி ஆளெடுக்கும் ஆய்வகம், புதுப்பிப்பு கிடைக்குமா என்று தானே கையைப் பிசைந்துகொண்டிருக்கும். காலநீட்டிப்பு வாங்கிவிட்டோம் என்று சொன்னாலும் ஏமாறவேண்டாம். அந்த வகை நீட்டிப்பில் காலம்தான் கூடும், புதுப் பணம் வராது.

ஓராண்டு ஏன் போதாது என்பதை உங்கள் துறையிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு திசுவில் மட்டும் ஒரு மரபணுவை நீக்கிய எலி வேண்டும். ஃபிளாக்ஸ் எலியும் (நீக்கவேண்டிய மரபணுவின் இருபுறமும் வெட்டுக்குறி வைத்தது) க்ரீ எலியும் (வேண்டிய திசுவில் அந்த வெட்டைச் செய்யும் நொதி உள்ளது) ஆய்வகத்தில் தயாராகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் கலப்பில் வேண்டிய குட்டி கிடைக்காது. பிறந்ததை மீண்டும் ஃபிளாக்ஸ் பெற்றோர் வகையுடன் சேர்த்தால்தான், அதுவும் நாலில் ஒன்று தேறும். சினைக்காலம் மூன்று வாரம், குட்டி பருவத்துக்கு வர ஆறு முதல் எட்டு வாரம். இரண்டு தலைமுறைக்கு ஐந்து மாதம் போய்விடும். அதன் பிறகுதான் புற்றுக்கட்டியை வளர்ப்பதும் அளப்பதும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியில் உங்கள் பெயரைச் சேர்க்கவும், பயிற்சிச் சான்று வாங்கவும் ஆகும் வாரங்கள் தனி. நோயாளிகளின் திசு மாதிரிகள் என்றால் இன்னொரு குழு, இன்னொரு காத்திருப்பு. செல் வளர்ப்பை மட்டும் நம்பிய திட்டமோ, ஏற்கெனவே உள்ள தரவை அலசும் கணினித் திட்டமோ என்றால் ஓராண்டில் ஏதாவது தேறும். எலி என்றால், கட்டுரை கையில் இல்லாமலே அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும் நிலை வரும்.

இனி முதலாமவர். 'ஃபெல்லோஷிப் கொண்டு வா' என்பது சில சமயம் நாகரிகமான மறுப்பு, சில சமயம் உண்மையான அழைப்பு. எது என்று கண்டுபிடிப்பது எளிது. எந்த ஃபெல்லோஷிப்பை மனதில் வைத்துச் சொல்கிறார், அவர் ஆய்வகத்தில் அதை வாங்கியவர் யாராவது உண்டா, திட்ட முன்வரைவை வாசித்துத் திருத்துவாரா என்று கேளுங்கள். அரை மணி நேரம் வீடியோவில் பேச ஒப்புக்கொண்டால் அழைப்பு. 'வாங்கிய பின் சொல்லுங்கள்' என்று முடித்தால், வேறு ஆளைத் தேடுங்கள். ஏற்கும் பேராசிரியரின் உழைப்பு இல்லாமல் இவை கிடைப்பது அரிது. ஜப்பானின் அறிவியல் மேம்பாட்டுச் சங்கம் (ஜே.எஸ்.பி.எஸ்.) தரும் ஃபெல்லோஷிப்பில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதே அவர்தான்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: பெரும்பாலான ஃபெல்லோஷிப்புகளுக்கு ஒரு கடிகாரம் உண்டு, அது நீங்கள் வேறு வேலையில் இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பின் (எம்போ) ஃபெல்லோஷிப்புக்குப் பட்டம் பெற்ற இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; ஏற்கும் ஆய்வகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஏற்கெனவே வேலை பார்த்திருந்தால் தகுதி போய்விடும். ஜெர்மனியின் ஹும்போல்ட் ஃபெல்லோஷிப்புக்குப் போஸ்ட்டாக் நிலையில், பட்டம் பெற்ற நான்கு ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ ஸ்க்வொடோவ்ஸ்கா-க்யூரி ஃபெல்லோஷிப்பில் இடப்பெயர்வு விதி ஒன்று இருக்கிறது: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில், போகப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த ஆய்வகத்துக்கு மாற உதவும் என்.ஐ.ஹெச்.சின் கே99/ஆர்00 மானியம் அமெரிக்கக் குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. (என்.ஐ.ஹெச்.சின் எஃப்32 போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியேறிகளுக்கும் மட்டும், அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.)

உங்களுக்குப் பதில் போட்ட இருவரும் ஒரே நாட்டில் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. முடிவே அதில்தான் இருக்கிறது. இருவரும் ஒரே ஐரோப்பிய நாட்டில் இருந்து, இரண்டாமவரிடம் ஓராண்டு முழுதாக வேலை பார்த்துவிட்டு முதலாமவருக்காக மரீ க்யூரி எழுதலாம் என்று எண்ணினால், 12 மாதத்தைத் தாண்டியதும் கதவு சாத்தப்பட்டுவிடும். வெவ்வேறு நாடு என்றால் அந்தச் சிக்கல் இல்லை. சொல்லப்போனால் ஓராண்டு வேலை, விண்ணப்ப முடிவு வரும் வரை சோறு போடும் பாலமாகவே அமையும். மரீ க்யூரியில் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பித்தால் முடிவு அடுத்த ஆண்டு பிப்ரவரி வாக்கில் வரும், சேர்வதற்கு மேலும் சில மாதம் ஆகும் என்பதை நினைவில் வைத்தால் இந்தப் பாலத்தின் அருமை புரியும்.

மனித எல்லை அறிவியல் திட்டத்தின் மூன்று ஆண்டு ஃபெல்லோஷிப்பையும் பாருங்கள், ஆனால் ஒரு எச்சரிக்கை. பிஎச்.டி.யில் செய்ததன் நீட்சியை அவர்கள் விரும்புவதில்லை. துறை மாறத் துணிபவர்களைத் தேடுகிறார்கள். வளர்சிதை மாற்றத்திலேயே இன்னொரு நொதியைப் பார்க்கிறேன் என்று எழுதினால் முதல் கட்டத்திலேயே போய்விடும்.

மதிப்பாய்வில் இருக்கும் கட்டுரையைச் சக ஆசிரியர்களின் சம்மதத்தோடு, இதழின் விதியைப் பார்த்துக்கொண்டு, பயோ-ஆர்கைவ் இணையதளத்தில் பிரீபிரின்ட்டாக (மதிப்பாய்வு முடியும் முன்பே எவரும் வாசிக்கக்கூடிய வடிவில்) ஏற்றிவிடுங்கள். 'மதிப்பாய்வில்' என்று சி.வி.யில் எழுதினால் யாராலும் வாசிக்க முடியாது. பிரீபிரின்ட்டை வாசிக்கலாம்.

நாற்பதுக்கு இரண்டு என்பது உங்கள் தகுதிக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல, மின்னஞ்சலுக்குக் கிடைத்தது. 'மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் மகத்தான ஆய்வில் ஈர்க்கப்பட்டு' என்று தொடங்கும் கடிதம் நாற்பது பேருக்கும் ஒன்றாகவே போயிருக்கும். முதல் வரியிலேயே அது தெரிந்துவிடும். அடுத்த முறை எட்டுப் பத்துப் பேருக்கு மட்டும் எழுதுங்கள், ஒவ்வொன்றும் 250 சொல்லுக்குள். தலைப்பு வரியில் 'போஸ்ட்டாக்', உங்கள் துறை, சேரக்கூடிய மாதம். முதல் பத்தியில் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் விடுபட்டு நிற்கும் கேள்வி. அதை நீங்கள் எப்படித் தொடருவீர்கள் என்று இரண்டு வரி. இரண்டாம் பத்தியில் கையால் செய்யத் தெரிந்தவை. 'மூலக்கூறு உயிரியல் நுட்பங்களில் தேர்ச்சி' என்பது ஒன்றும் சொல்லாது. 'சீஹார்ஸ் கருவியில் ஆக்சிஜன் நுகர்வு அளப்பேன், கார்பன்-13 குளுக்கோஸைப் பின்தொடர்ந்து நிறைநிறமாலைத் தரவை நானே ஆர் மொழியில் அலசுவேன்' என்பது சொல்லும். அந்த ஆய்வகத்தில் இல்லாத நுட்பம் ஒன்று உங்களிடம் இருந்தால் அதை முன்னால் வையுங்கள். பணம் பற்றிய வரி ஒன்றும் வேண்டும்: எந்த ஃபெல்லோஷிப்புக்கு, எந்தச் சுற்றில் விண்ணப்பிக்கத் தயார் என்று. சி.வி. ஒரே பி.டி.எஃப்., பரிந்துரைப்பவர் மூவரின் பெயரோடு. அந்த மூவருக்கும் முன்பே சொல்லிவையுங்கள். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

பேச்சு முற்றும்போது ஆய்வகத்தையும் ஆராயுங்கள். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் அவருடைய கடந்த ஆறேழு ஆண்டுக் கட்டுரைகளை எடுத்து, முதல் ஆசிரியர்களாக நிற்பவர்கள் போஸ்ட்டாக்குகளா, அவர்கள் இப்போது எங்கே என்று தேடுங்கள். ஆய்வக இணையதளத்தில் ஒரு காலத்தில் பெயர் இருந்து, ஒரு கட்டுரையும் இல்லாமல் மறைந்தவர்கள் மூன்று நான்கு பேர் இருந்தால், அவர்களில் ஒருவரிடம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேராசிரியர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நபர் நல்லதைத்தான் சொல்வார். கிளம்பும்போது திட்டத்தில் எந்தப் பகுதியை உங்களோடு எடுத்துப்போகலாம் என்று பேராசிரியரிடமே நேராகக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவர்கள் குறைவு, சொல்பவர்களை விடாதீர்கள்.

ஒப்பந்தக் கடிதத்தில் உங்களை ஊழியர் என்கிறார்களா, ஃபெல்லோ என்கிறார்களா என்று பாருங்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், மகப்பேறு விடுப்பு, வரி எல்லாமே அந்த ஒரு சொல்லைப் பொறுத்து மாறலாம். சொந்த ஃபெல்லோஷிப் வாங்கிய பெருமையில் ஊழியர் நிலையை இழந்து, காப்பீட்டைக் கைக்காசில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, இந்த வாரம் இரண்டாமவருக்கு எழுதுங்கள்: சம்பளம் எந்த மானியத்திலிருந்து, அது எந்தத் தேதியில் முடிகிறது, புதுப்பிக்கும் வாய்ப்பை ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா. முதலாமவருக்கு ஒரு பக்கத் திட்டக் குறிப்பு அனுப்பி, பேச நேரம் கேளுங்கள். இரண்டாமவர் இரண்டு ஆண்டுக்காவது பணத்தைக் காட்டினால் அவரிடம் சேரலாம். காட்டாவிட்டால், முதலாமவர் வேறு நாட்டில் இருந்து, விண்ணப்பத்துக்குக் கைகொடுக்கவும் முன்வந்தால் மட்டும் அந்த ஓராண்டைப் பாலமாக எடுங்கள். சேரும் தேதியை ஒப்புக்கொள்ளும் முன், பட்டச் சான்று வேண்டுமா, தற்காலிகச் சான்று போதுமா என்று அவர்களுடைய மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததற்கும் பட்டம் உறுதியாவதற்கும் இடையே பல மாதம் ஆகலாம், அதுவரை சில இடங்களில் போஸ்ட்டாக் சம்பளமே தொடங்காது.