பேனை மையை அழிக்க வழி கேட்ட தங்கைக்கு

கேள்வி: எனக்கு வயது 54. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு றங்குப் பெட்டி நிறைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் புத்தகங்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. அண்ணா பள்ளிக்கூட நாட்களில் சேர்த்தவை. அவர் 1989 இல் கனடாவுக்குப் போய்விட்டார். 1995 போர்க்கால இடப்பெயர்வின்போது அப்பா அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி மீசாலைக்குக் கொண்டுபோய், பிறகு திருப்பியும் கொண்டுவந்தார். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அறையை மகளுக்காகத் திருத்த இருப்பதால் இவற்றை நல்ல விலைக்கு விற்க விரும்புகிறேன். எப்படி விற்பது சிறந்தது? அண்ணா ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் கதைப்பார். பெட்டியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அடியில் சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையின் சில பழைய இதழ்களும் கிடக்கின்றன. இன்னுமொன்று: எல்லாப் புத்தகங்களின் முதற் பக்கத்திலும் அண்ணா தன் பெயரையும் ஓர் இலக்கத்தையும் நீல மையால் எழுதி வைத்திருக்கிறார். பக்கம் பழுதாகாமல் அதை அழிக்க வழி உண்டா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அதைக் கடிதத்தின் அடியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ கடிதம் முழுவதும் அந்த ஒரு வரியாகத்தான் தெரிகிறது. இப்படியான கடிதங்கள் எனக்கு மாதம் தவறாமல் வருகின்றன. பெட்டிக்குள் இருக்கும் பொருள்தான் மாறும்: ஒருவருக்குத் தையல் மெசின், இன்னொருவருக்கு ஆர்மோனியம், வேறொருவருக்கு மாமா விட்டுப்போன புகைப்படக் கருவி. எல்லாருமே விலை கேட்பார்கள். பொருளின் சொந்தக்காரருடைய பெயரை அழிக்க வழி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

அண்ணா கேட்டதில்லை என்பதை ஒரு சம்மதம்போல எழுதியிருக்கிறீர்கள். பெட்டி தங்கச்சியின் வீட்டில் இருக்கிறது, அதனால் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பவர் எதற்காகக் கேட்க வேண்டும்? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் வைத்துப் பார்த்தாலும் உங்களுக்கு ஒரு பிடியும் கிடைக்காது. அவை உங்களுக்குச் சீதனமாகத் தரப்பட்டவை அல்ல. தாய் தகப்பன் விட்டுப்போன முதுசமும் அல்ல. அவர்கள் அவற்றைக் காவல் காத்தார்களே தவிர வாங்கவில்லை. உயிரோடும் சுகத்தோடும் இருக்கும் ஒருவர் தன் கைச்செலவுக் காசில் வாங்கி, தன் பெயரையும் எழுதி வைத்த பொருள் அவருக்கே உரியது. பங்குக் காணி விற்கும்போது முதலில் பங்காளிக்கும் உரித்துக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்று நம்முடைய வழமை சொல்கிறது. அந்தச் சட்டம் காணிக்குத்தான், காமிக்ஸுக்கு அல்ல என்று எந்தச் சட்டத்தரணியும் சிரிப்பார். சிரிக்கட்டும். காணிக்குக் காட்டுகிற மரியாதையைக் கூடப்பிறந்தவனுடைய பொருளுக்குக் காட்டாத வீடு எனக்குப் பிடிப்பதில்லை.

அப்பாவைப் பற்றி ஒரு வசனம் எழுதிவிட்டு அப்பால் போய்விட்டீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊரே நகர்ந்தபோது, சைக்கிள் கரியரில் ஒரு பெட்டிக்குத்தான் இடமிருந்திருக்கும். அதில் அரிசி வைத்திருக்கலாம், பாத்திரம் வைத்திருக்கலாம். மாயாவிக் கதைகளை வாசிக்கிற வயது அப்பாவுக்கு இல்லை. யாருடைய பெயர் அதில் எழுதியிருந்தது என்பதற்காகத்தான் அவர் அதை உருட்டிக்கொண்டு போயிருப்பார். அந்தப் பெயரைத்தான் நீங்கள் இப்போது அழிக்கப் பார்க்கிறீர்கள்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். அங்கும் அதே பெயர்தான் குறுக்கே நிற்கிறது. இவை மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை. நாற்பது வருடத்தில் அந்தக் காகிதம் மஞ்சளித்து, மடித்தால் ஒடிகிற பதத்துக்கு வந்திருக்கும். அழிறப்பர் போட்டால் பக்கம் கிழியும். வெளிற்றும் திரவம் தொட்டால் மை பரவி, காகிதமும் உக்கிப்போகும். பழைய சொந்தக்காரரின் பெயர் இருந்தால் சேகரிப்பாளர் விலையைக் கொஞ்சம் குறைப்பார். பெயரைச் சுரண்டிய அடையாளம் இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துப் புத்தகத்தையே தள்ளி வைப்பார். அதோடு, பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறதே ஓர் இலக்கம், அது என்னவென்று யோசித்தீர்களா? பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் சேகரிப்புக்குத் தானே போட்ட தொடரிலக்கம் அது. அந்த வரிசையில் புத்தகங்களை அடுக்கினால் எது தவறியிருக்கிறது, எது இரவல் போய்த் திரும்பவில்லை என்பது ஒரு பின்னேரத்தில் தெரிந்துவிடும். ஒரே கையில், ஒரே வீட்டில் இருந்த முழுச் சேகரிப்பு என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. நீங்கள் ஊத்தை என்று நினைப்பது உண்மையில் பட்டியல்.

ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அண்ணாவின் இலக்கம், கதையின் பெயர், வெளியீட்டு எண், அச்சிட்ட விலை, அட்டை இருக்கிறதா, நடுப்பக்கம் கழன்றிருக்கிறதா என்று எழுதுங்கள். பின்னூசி துருப்பிடித்திருந்தால் பிடுங்காதீர்கள். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அதன் பசை சில வருடங்களில் காகிதத்தைக் கபில நிறமாக்கிவிடும். பல இதழ்களைச் சேர்த்துக் கட்டியவை இருந்தால் பிரிக்கவும் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், பழுதான இடம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்க வேண்டும். அது வரைக்கும் பெட்டி ஈரச் சுவரோடு ஒட்டாமல், நிலத்திலிருந்து உயர்த்திய பலகையில் இருக்கட்டும். கறையானுக்கு உங்கள் விலைப்பேச்சு ஒன்றும் தெரியாது.

எவை விலைபோகும் என்பதில் ஒரு சங்கதி உண்டு. முத்து காமிக்ஸ் 1972 இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியில் தொடங்கியது. லயன் 1984 இல் அதே குடும்பத்திலிருந்து வந்தது. ராணி காமிக்ஸும் அதே வருடம் சென்னையில் தொடங்கி 2005 இல் நின்றுபோனது. சிவகாசிக்காரர்கள் பழைய கதைகள் பலவற்றை அண்மைக் காலத்தில் நல்ல தாளில் மறுபதிப்புச் செய்துவிட்டார்கள். ஆகவே கதையை வாசிக்க விரும்புகிறவர் உங்களிடம் வரமாட்டார். அந்தக் காலத்து அட்டையோடு அந்தக் காலத்து அச்சையே கையில் பிடிக்க விரும்புகிறவர்தான் வருவார். அவருக்கு ஆரம்ப இதழ்களும், கோடை மலர், தீபாவளி மலர் போன்ற தடித்த சிறப்பிதழ்களும், அட்டை கழலாத பிரதிகளும் பெறுமதியானவை, மிச்சம் சாதாரணம். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், மற்றவர்கள் புலம்பெயர்ந்து போன நம்மவர்கள். யாழ்ப்பாணத்துப் பழைய புத்தகக்காரரிடம் முதலில் போனால் கட்டாக, கிலோக் கணக்கில் கேட்பார். அது அவருடைய தொழில், அவரைக் குறை சொல்ல முடியாது. முகநூலில் சேகரிப்பாளர்கள் சொல்லும் விலைகளைப் பார்க்கும்போது, கேட்ட விலையை விட்டுவிட்டு விற்றுத் தீர்ந்த விலையைப் பாருங்கள். முதலில் வருகிறவர் நல்ல இருபதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போக இடம் கொடுத்தால், மிச்ச நூற்றெண்பதும் உங்கள் மகளின் அறையிலேயே கிடக்கும். முழுவதையும் ஒருவருக்குக் கொடுக்கப் பாருங்கள். இல்லாவிட்டால் நல்லதும் சாதாரணமும் கலந்த கட்டுகளாகக் கொடுங்கள். தபால் செலவை யார் கொடுப்பது என்பதை விலை பேசும்போதே முடிவாக்குங்கள். காசு கைக்கு வராமல் பொதியை அனுப்பக் கூடாது.

சிரித்திரனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1963 இல் தொடங்கிய அந்தச் சஞ்சிகை நம்முடையது, சிவகாசிச் சரக்கல்ல. நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து அச்சுப் பிரதிகளை 2005 முதல் சேர்த்துவருகிறது. அவர்களிடம் இல்லாத இதழ் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். இருந்தால் இரவலாகவாவது கொடுத்துப் பிரதி எடுக்க விடுங்கள். அதற்குக் காசு கேட்க நினைத்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இவ்வளவும் அண்ணா சம்மதித்த பிறகுதான். அவர் விற்கச் சொன்னால் காசும் அவருடையது. அறை திருத்த எடுத்துக்கொள் என்று அவர் சொன்னால் அது அவர் தருவது, நீங்கள் எடுத்ததல்ல. வருகிற ஞாயிறு அவர் அழைக்கும்போது சுகம் விசாரித்து முடித்ததும் பெட்டியைத் திறந்து, கமெராவை முதல் புத்தகத்தின் முதற் பக்கத்துக்கு நேரே பிடியுங்கள். ஒன்றும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எந்த இலக்கத்தை எந்தக் கடையில் வாங்கினார், எதை யாரிடம் இரவல் கொடுத்து இழந்தார் என்று அவரே சொல்லத் தொடங்குவார். கொப்பியையும் பேனையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.