கேம் நடுவே ரீஸ்டார்ட் ஆகிறதா? முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்

புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கேம் ஆடும்போது மட்டும் கணினி பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது, மற்ற வேலைகளில் பிரச்சினையே இல்லை, சூடும் ஏறவில்லை என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் கேபினெட்டோடு வந்த அந்த ‘600 வாட்’ பவர் சப்ளை மேல்தான். விண்டோஸை மறுபடி போடுவதை இப்போதைக்கு விடுங்கள்.

பெரிய எழுத்தில் உள்ள வாட் கணக்கை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 30 என்றிருந்தால் 12-ஐ 30-ஆல் பெருக்கி, கிடைப்பது 360 வாட்தான். பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் இழுக்கின்றன. கார்டு சீராகவும் இழுக்காது. சில மில்லிசெகண்டுகளுக்குத் தன் வழக்கமான அளவைத் தாண்டி எகிறும். நல்ல சப்ளை அதைத் தாங்கும். மட்டமானதில் வோல்டேஜ் சரியும், கணினி அணையும்.

ரீஸ்டார்ட்டோடு நின்றால் அதிர்ஷ்டம். விலையைக் குறைக்கப் பாதுகாப்பு சர்க்யூட்டில் கைவைத்திருந்தால், அந்தச் சப்ளை சாகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம்.

கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்ச வரம்பை, 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஆடிப் பாருங்கள். அணையவில்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது. அப்புறம் தெரிந்தவரிடம் நல்ல சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும். மாட்டும்போது அதோடு வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். பழையதைத் திறந்து பார்க்க மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.