முதியோர் உதவித்தொகை என்பது என்ன? எந்த அலுவலகத்தில் கிடைக்கும்?

ஆதரவும் வருமானமும் இல்லாத முதியவர்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் பணம்தான் இது. தமிழ்நாட்டில் 1962இல் தொடங்கியது. 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தேசிய முதியோர் திட்டத்தில் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். மீதி மாநிலத்துடையது. ஒரே கவரில் இருவர் வைத்த மொய் மாதிரி, பங்கு மட்டும் சமமில்லை.

பலர் சமூகநல அலுவலகத்துக்குப் போய் அலைகிறார்கள், பாவம். இதைக் கவனிப்பது வருவாய்த்துறை. யாருக்கு நிலம் இருக்கிறது, யார் தனியாக வாழ்கிறார் என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத்தானே தெரியும்! இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், விசாரணை முடிந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை தருவார்.

அறுபது வயது ஆனாலே தானாக வந்துவிடாது, வறுமையையும் பார்ப்பார்கள்.