மார்மன் போதனையும் பைபிளும் ஒன்றுதானா? வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்

இந்தக் கேள்வியை இப்படிக் கேட்கிறவர் வீட்டு சோபாவில் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு மார்மன் சபை ஊழியக்காரப் பையன்கள் இரண்டு பேர் ஏற்கெனவே ஒரு தடவையாவது உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள் என்று பந்தயமே கட்டுவேன். நீல அட்டை போட்ட 'மார்மன் புத்தகம்' ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அதன் கடைசிப் பக்கங்களில், மொரோனி என்ற பகுதியின் 10ஆம் அதிகாரத்தில், மஞ்சள் கோடு போட்டிருக்கும். பையன்கள் தங்கமானவர்கள், முகத்தில் அடித்த மாதிரி வராதே என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் உள்ளுக்குள் ஏதோ இடிக்கிறது. சரிதானே?

நான் அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறவன். சிஎஸ்ஐயில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், பிறந்து வளர்ந்து திடப்படுத்தல் எடுத்தவன். இறையியல் படித்ததில்லை, போதகரும் இல்லை. "நீ யார் இதைச் சொல்ல" என்று கேட்க வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் யாரும் இல்லை, உட்கார்ந்து படித்தவன், அவ்வளவுதான். என் அலுவலகத்தில் பாதிப் பேர் மார்மன்கள். 2018இலிருந்து அவர்கள் தலைமையே இந்தப் பெயரை விட்டுவிட்டு 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுசாகச் சொல்லச் சொல்கிறது என்பதும் தெரியும். நீங்கள் கேட்ட பெயரிலேயே எழுதுகிறேன், அவமரியாதை இல்லை. பக்கத்து வீட்டு மார்மன் குடும்பம் நாங்கள் குடிவந்த அன்று சாமான் இறக்கிக் கொடுத்தது. அந்த மாதிரி மனிதர்களைப் பற்றி மோசமாக ஒரு வார்த்தை எழுத எனக்குக் கை வராது. கேள்வி மனிதர்களைப் பற்றியது இல்லையே.

என் பதில் இதுதான். வித்தியாசத்தை மார்மன் புத்தகத்துக்குள் தேடாதீர்கள், அதிகம் கிடைக்காது. எல்லாரும் அங்கேதான் தேடுகிறார்கள், தேடிவிட்டு "அட, பைபிள் மாதிரியேதானே இருக்கிறது" என்று குழம்புகிறார்கள். இருக்கத்தான் செய்யும். அதில் 2 நேபி என்ற பகுதியில் 12 முதல் 24 வரை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய அப்படியே ஏசாயா 2 முதல் 14 வரை. 3 நேபி 12, 13, 14ஐ வாசித்தால் மத்தேயுவின் மலைப்பிரசங்கம். ஆல்மா 11ஆம் அதிகாரத்தில் சீஸ்ரோம் என்று ஒருவன், ஒரு தேவனுக்கு மேல் உண்டா என்று கேட்கிறான், அமுலேக் இல்லை என்று பட்டென்று பதில் சொல்கிறான். 2 நேபி 31இன் கடைசி வசனத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்றே வருகிறது. எந்த சிஎஸ்ஐ ஆயரும் இதற்கு ஆமென் சொல்லிவிடுவார்.

அந்தப் புத்தகம் வெளிவந்தது 1830இல், நியூயார்க் மாநிலத்துப் பால்மைராவில். அதை வெளியிட்டு இந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், இல்லினாய்ஸ் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டது 1844 ஜூனில். இந்தப் பதினான்கு வருஷத்துக்கு நடுவில் வந்ததுதான் நீங்கள் தேடுகிற வித்தியாசம். அது 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்', 'விலையேறப்பெற்ற முத்து' என்ற இன்னும் இரண்டு வேதநூல்களில் இருக்கிறது. அந்தப் பையன்கள் முதல் நாளே இவற்றை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை அப்படி.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவமானப்பட்டுத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கும் இரண்டு பேர் வர ஆரம்பித்தார்கள். ஒருவன் ஐடஹோ, இன்னொருவன் டெக்சஸ். இரண்டு வருஷ ஊழியம், தங்கள் சேமிப்பும் வீட்டார் பணமும் போட்டு வருகிறார்கள். இந்த ஊழியக்காரர்களை 'எல்டர்', அதாவது மூப்பர், என்றுதான் அழைப்பார்கள்; மீசை முளைக்காத பையனை அப்படிக் கூப்பிட என் மனைவிக்கு வாய் வரவில்லை, 'தம்பி' என்றே கூப்பிட்டாள், அவர்களும் அது ஏதோ மரியாதைப் பட்டம் என்று நினைத்துத் திரும்பினார்கள். நான் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தை நடத்தும் அண்ணனிடம் போய், இவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். "பிரதர், அவங்களை உள்ள விட்டதே தப்பு" என்றார். அப்புறம் யாரோ எப்போதோ தட்டச்சு செய்து, நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே தேய்ந்துபோன ஒரு தாளைக் கொடுத்தார். அதில் முதல் குற்றச்சாட்டே 'மார்மன் புத்தகம் பலதாரமணத்தைப் போதிக்கிறது'. நானும் நம்பி, அடுத்த வாரம் அந்தத் தாளை மேஜையில் விரித்து வைத்துக் கேட்டேன்.

ஐடஹோ பையன் கோபப்படவே இல்லை. ஜிப் வைத்த தோல் உறைக்குள்ளிருந்து தடிமனான புத்தகத்தை எடுத்தான். 'க்வாட்' என்பார்கள், பைபிளோடு சேர்த்து நான்கு வேதநூல்களும் ஒரே கட்டில் இருக்கும், ஓரத்தில் கட்டை விரல் வைக்கக் குழி வெட்டியிருக்கும். மார்மன் புத்தகத்தின் யாக்கோபு 2ஆம் அதிகாரத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினான். தாவீதும் சாலொமோனும் பல மனைவிகள் வைத்திருந்தது கர்த்தருக்கு அருவருப்பு என்று தெளிவாக இருந்தது. நான் அந்தத் தாளை மெதுவாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இனி யார் தாளையும் நம்புவதில்லை என்று. 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 132ஆம் பிரிவுக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1843இல் எழுதி வைக்கப்பட்ட வெளிப்பாடு அது. அதே தாவீதைப் பற்றி, அவனுடைய மனைவிகளும் மறுமனையாட்டிகளும் நான் அவனுக்குக் கொடுத்தவர்கள், உரியாவின் மனைவி விஷயத்தில் தவிர அவன் பாவம் செய்யவில்லை என்ற பொருளில் கர்த்தரே பேசுகிறார். ஒரு நூலில் அருவருப்பு, இன்னொரு நூலில் அனுமதி. அடுத்த தடவை இதை இரண்டு விரலால் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு காட்டினேன். யாக்கோபு 2இல் 30ஆம் வசனம் விதிவிலக்குக்கு இடம் தருகிறது, சந்ததி எழுப்ப வேண்டுமென்றால் நானே கட்டளையிடுவேன் என்று இருக்கிறது என்றான் ஐடஹோ பையன். இருக்கிறது, நியாயம்தான். ஆனால் தாவீது சாலொமோன் கணக்கு அதனால் நேராகவில்லை. பலதாரமணத்தை அந்தச் சபை 1890 அறிக்கையோடு கைவிட ஆரம்பித்துவிட்டது, இன்று செய்தால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதையோ மறைத்தேன் என்பீர்கள்.

பலதாரமணம்கூட ஓரத்து விஷயம்தான். மையம் தேவன் யார் என்பது. அதே 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலில் 130ஆம் பிரிவு 22ஆம் வசனம், பிதாவுக்கு மனிதனுக்கு உள்ளது போலவே தொட்டு உணரக்கூடிய மாம்சமும் எலும்பும் கொண்ட உடல் இருக்கிறது என்கிறது. பிதா வேறு, குமாரன் வேறு, ஆவியானவர் வேறு, மூன்று தனித்தனி ஆட்கள், நோக்கத்தில்தான் ஒன்று. ஜோசப் ஸ்மித் சாவதற்குச் சில மாதங்கள் முன், 1844 ஏப்ரலில், கிங் ஃபாலட் என்பவர் இறந்ததை ஒட்டிச் செய்த பிரசங்கத்தில் இன்னும் ஒரு படி போகிறார்: தேவனே ஒரு காலத்தில் நம்மைப் போல மனிதனாக இருந்தவர். அந்தப் பிரசங்கம் வேதநூல் இல்லை என்று அவர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் 132ஆம் பிரிவு வேதநூல். நித்தியத்துக்கும் முத்திரையிடப்பட்ட, அதாவது சாவுக்கு அப்பாலும் நீடிக்கும்படி மணம் முடித்து வைக்கப்பட்ட, தம்பதிகள் உடன்படிக்கையில் நிலைத்திருந்தால் தேவர்களாவார்கள் என்று அதன் 20ஆம் வசனத்தில் எழுதியிருக்கிறது. இதற்கு எதிரே ஏசாயா 43:10ஐ வையுங்கள்: "எனக்கு முன் ஏற்பட்ட தேவன் இல்லை, எனக்குப் பின் இருப்பதும் இல்லை." இந்த இரண்டையும் ஒன்று என்று சொல்ல எனக்கு எப்படி முயன்றும் முடியவில்லை.

யோவான் 4:24இல் தேவன் ஆவியாயிருக்கிறார் என்று இருக்கிறதே என்றேன். அப்போது டெக்சஸ் பையன் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம். தன் பைபிளில் அதே வசனத்தைத் திறந்து, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அடிக்குறிப்பில் விரலை வைத்தான். ஜோசப் ஸ்மித் திருத்திய வடிவம் அங்கே இருந்தது. தேவன் ஆவி என்ற செய்தி அதில் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் தேவன் தம் ஆவியை வாக்களித்திருக்கிறார் என்று ஆகியிருந்தது. எந்தக் கிரேக்கப் பிரதியையும் வைத்துச் செய்த திருத்தம் இல்லை இது, வெளிப்பாட்டால் செய்தது என்பதுதான் அவர்கள் நம்பிக்கையே. பைபிள் சரியாக மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்கு அது தேவ வார்த்தை என்று அவர்களுடைய விசுவாசப் பிரமாணத்தின் எட்டாவது வரி சொல்கிறது. ஆக பைபிளோடு ஒப்பிட்டுப் பார் என்று உங்களிடம் சொன்னாலும், எங்கே இடிக்கிறதோ அங்கே பைபிள் இறங்கிப்போகும். ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தின் திருத்தத்தில், பிற்காலத்தில் ஜோசப் என்ற பெயரில், ஜோசப் என்ற பெயருள்ள அப்பாவுக்கு ஒரு ஞானதிருஷ்டிக்காரன் வருவான் என்றே முன்னறிவிப்பு சேர்ந்திருக்கிறது. ஜோசப் ஸ்மித்தின் அப்பா பெயர் ஜோசப் ஸ்மித். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரட்சிப்பு: எபேசியர் 2 கிருபையினாலே, இது உங்களால் உண்டானதல்ல என்கிறது. 2 நேபி 25:23 நம்மால் ஆனதையெல்லாம் செய்த பிறகு கிருபையால் என்கிறது. இதில் நான் அவர்கள் மேல் பாய மாட்டேன், நம் சபைகளில் நடைமுறையில் சொல்லிக்கொடுப்பதும் பல நேரம் அதுதான். திருமணம்: "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்று மத்தேயு 22இல் இயேசு சொல்கிறார், அவர்களோ ஆலயத்தில் நித்தியத்துக்கும் சேர்த்துக் கட்டி வைக்கிறார்கள். அந்த வசனம் சடங்கை இந்த உலகத்திலேயே முடிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது என்பது அவர்கள் விளக்கம். செத்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் எடுப்பது விசித்திரமாகத் தெரியும், ஆனால் 1 கொரிந்தியர் 15:29இல் அப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே குறிப்பிடப்படுகிறது. பவுல் அதைச் செய்யச் சொன்னாரா என்பது வேறு கேள்வி.

அவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற 'திரித்துவம்' என்ற சொல் பைபிளில் இல்லை, 325இல் ஆயர்கள் நிசேயாவில் கூடித்தான் அந்தப் பிரமாணத்தை வகுக்க ஆரம்பித்தார்கள் என்பது சரியான வாதம். எனக்கே ஞாயிறுதோறும் ஒப்பித்த பிரமாணத்தின் அர்த்தத்தை அந்தப் பையன்கள் கேட்ட பிறகுதான் யோசிக்க வேண்டி வந்தது. ஆனால் எங்களை ஏன் கிறிஸ்தவர்கள் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள் என்று அவர்கள் வருத்தப்படும்போது எனக்கு ஒன்று தோன்றும். 1820இல் காட்டுக்குள் ஜெபித்த பையன் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த பதிலே, எந்தச் சபையிலும் சேராதே, எல்லாம் தவறு, அவர்களுடைய பிரமாணங்கள் அருவருப்பு என்பதுதான். தொடக்கக் கதையிலேயே கதவைச் சாத்தியது யார்?

இப்போது கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இதையெல்லாம் படிப்பது ஜெபக்கூட்டத்தில் தெரிந்ததும் "பிரதர் அந்தப் பக்கம் சாயுறாராமே" என்று பேச்சு கிளம்பியது. நேரில் ஒருவரும் கேட்கவில்லை. என் மகளுக்குக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாள் வேஷம் என்று சொல்லி, வசனமெல்லாம் மனப்பாடம் செய்து முடித்த பிறகு, கடைசி ஒத்திகையில் மேய்ப்பர்களுக்குப் பின்னால் நிற்கும் ஆடு ஆக்கிவிட்டார்கள். பஞ்சு ஒட்டிய அட்டைக் காதோடு அவள் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தப்பான தாளைக் கொடுத்தவர் அந்த அண்ணன், அதைச் சரிபார்த்தவன் நான், ஆடானது என் பிள்ளை. வாசிக்காமல் ஒரு மதத்தைத் திட்டுவதை விசுவாசம் என்று நினைக்கிறவர்கள் அங்கே அத்தனை பேர். மார்மன் பையன்களாவது நான் கேட்டதற்குப் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் அடுத்து என்ன கேட்பார்கள் என்றால், அந்த மஞ்சள் கோடு போட்ட வசனத்தை வாசித்துவிட்டு ஜெபம் செய்யுங்கள், உண்மையா இல்லையா என்று உள்ளத்தில் தெரியும் என்பார்கள். பைபிளில் உள்ள யாக்கோபு 1:5ஐத் துணைக்குக் காட்டுவார்கள். ஜெபம் செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் கலாத்தியர் 1:8இல் பவுல், வானத்திலிருந்து ஒரு தூதனே வந்து வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும் ஏற்காதே என்கிறார். நெஞ்சில் கதகதப்பாக இருக்கிறதா என்று பார் என்று அவர் அங்கே சொல்லவில்லை. நான் பையன்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் சங்கடமாகச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதற்கப்புறமும் வந்துகொண்டுதான் இருந்தார்கள், வேறு ஊருக்கு மாற்றல் ஆகும்வரை.

அதன் பிறகு ஞானஸ்நானத்துக்கு ஒரு தேதி கேட்பார்கள், நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமே கேட்பார்கள். 130, 132ஆம் பிரிவுகளை முழுசாக வாசித்து முடிக்கும்வரை தேதி கொடுக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே ஏதாவது சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர் என்றால் அது அவர்களுக்குக் கணக்கில் வராது, மறுபடி எடுக்க வேண்டும். வாடிகனும் 2001இல் மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று உங்களிடம் சொன்ன பையன்களிடம், அப்படியானால் மறுபடி ஞானஸ்நானம் எதற்கு என்று முதலில் கேளுங்கள்.